சேலைக்கடைக்கு மேல்மாடி

கொழும்பு காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கிய பெரியதம்பிக்குத் தான் குடியிருக்கும் கட்டடமே அடையாளம் தெரியவில்லை. காலையில் கந்தோருக்குப் போகும்போது கீழே சேலைக்கடை இருந்தது. இப்போது அதே வாசலில் மூன்று கண்ணாடி ரெலிபோன் கூண்டுகள். மேலே 'லண்டன், கனடா, சுவிஸ் கோல்' என்று பெயின்ற் காயாத பலகை.

வெள்ளவத்தையில் அந்த வருடம் அப்படித்தான். பேக்கரி நகைக்கடையானது. நகைக்கடை பிள்ளைகள் படிக்கும் ரியூட்டரியானது. அதையெல்லாம் யார் கணக்கெடுத்தார்கள்? பெரியதம்பியைப் பயமுறுத்தியது வேறு விஷயம். பலகைக்குக் கீழே ஒரு பொலிஸ் சார்ஜன்ட் நின்று மேல்மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரும் பொலிஸில் பதிந்திருக்கவேண்டிய காலம் அது; அந்தப் பதிவில் பெரியதம்பியின் விலாசம் 'சேலைக்கடைக்கு மேல்மாடி'. அதைவிட மோசம், அந்த மேல்மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சான் இராசரத்தினம், எந்தப் பதிவும் இல்லாமல், மூன்று நாளாகக் கனடா விசாவுக்குக் காத்திருந்தார்.

சார்ஜன்ட் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கூட வந்த கான்ஸ்டபிள் தௌபீக், கொழும்பு மாளிகாவத்தை முஸ்லிம், தமிழில் சொன்னார்.

"மேல குடி ஈக்கிறது நீங்களா?"

"ஓம் சேர். இது சேலைக்கடைதான் சேர். காலமையும் இருந்தது."

"அது தெரியும். மேல எத்தன பேர் ஈக்கலாம் எண்டு கேக்கார்."

"நான் தனிய சேர். ரெண்டாவது ஆள் நிக்கவே இடமில்லை."

சார்ஜன்டின் முகம் கறுத்தது. பெரியதம்பி பதறிப்போனார்.

"இடம் இருக்கு சேர், நல்ல விசாலம்! ஆக்கள்தான் இல்லை."

"தண்ணி வருமா?"

"ஒரு சொட்டும் வராது சேர்."

சொல்லி வாய் மூடவில்லை, மேலே சோவென்று தண்ணீர் விழும் சத்தம். கூடவே உச்சக் குரலில் ஒரு தேவாரம். சார்ஜன்ட் இரண்டிரண்டு படியாக ஏறினார். பெரியதம்பி பின்னால் ஓடினார்.

குளியலறைக் கதவு திறந்தது. தலை நிறையச் சவர்க்காரமும் இடுப்பில் துவாயுமாக இராசரத்தினம் விறைத்துப்போய் நின்றார்.

"இவர் யாரெண்டு கேக்கார்," பின்னால் ஏறி வந்த தௌபீக் சொன்னார்.

"பைப் திருத்த வந்தவர் சேர்!"

சார்ஜன்ட் குழாயைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பிறகு இராசரத்தினத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"பைப் வேல நல்லா ஈக்காம். இந்த ஆள் நாளைக்கும் இங்க ஈப்பாரா எண்டு கேக்கார்."

பெரியதம்பி முந்திக்கொண்டு கத்தினார்.

"இல்லை சேர்! நாளைக்கு இவர் இல்லை. நானும் இல்லை. ரெண்டு பேரும் விடிய வெளிக்கிட்டிடுவம். இனி இந்தப் பக்கமே வரமாட்டம்!"

தௌபீக் மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் முதல்தடவையாகச் சிரித்தார். பெரியதம்பியின் தோளில் தட்டினார். முன்சுவரை ஓரத்திலிருந்து ஓரம்வரை காலடியால் அளந்து பார்த்துவிட்டு, சீட்டியடித்தபடி படியிறங்கினார்.

"முருகா, தப்பினம்" என்று பெரியதம்பி படியிலேயே குந்திவிட்டார்.

தௌபீக் குனிந்து அவர் காதோரம் சொன்னார்: "பயப்பட வாணாம் அண்ணன், சார்ஜன்ட் ஐயாட மகள் சலூன் தொறக்க இடம் தேடுறா, நீங்க லேசில வீட்ட விட்டு எழும்ப மாட்டீங்க எண்டுதான் ஒங்கட வீட்டுச் சொந்தக்காரர் சொன்னவர், நீங்க எண்டா கேக்க முந்தியே நாளைக்குப் போறம் எண்டுட்டீங்க!"