கண்ணாடிப் பெட்டி மரநாய்

மூன்றாம் நாளும் மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்தது கேன்டீன் பூனைதான்.

பேராசிரியர் லியோனார்ட் அந்தப் படத்தையும் அழித்தார். மயிலாப்பூர்ச் சந்துக்குள் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில், கேன்டீனுக்குப் பின்னால் முப்பது மரங்கள் நின்றன. அதற்கு அவர் வைத்த பெயர் 'வன ஆய்வு மையம்'. பிரின்சிபால் கிளாடிஸ் வைக்கவிருந்த பெயர் கார் பார்க்கிங்.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருது. காட்டு மிருகம் ஒண்ணாவது இருக்குன்னு காட்டுங்க. இல்லேன்னா வெட்டிடுவேன்" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பதினோரு வருடம் பிள்ளைகளோடு மண்ணைக் கிளறி லியோனார்ட் வளர்த்த மரங்கள். அங்கே மரநாய் நடமாடுவது அவருக்கு நிச்சயம். அதன் எச்சத்தைப் பார்த்திருக்கிறார். ஆனால் எச்சத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க முடியுமா?

வாழைப்பழம் வைத்தார். மாணவர்கள் தின்றார்கள். பலாச்சுளை வைத்தார். எறும்பு மொய்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த பிரின்சிபாலைக் கடித்தது.

வியாழக்கிழமை மாலை, ஆய்வகத்தின் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, நாற்பது வருடத்துக்கு முன் பாடம் செய்து வைத்த மரநாய்.

"இத்த இன்னா சார் பண்ணப்போறீங்க?" என்றார் ஆய்வக உதவியாளர் பீர் முஹம்மது.

"காட்டுக்கு அனுப்பப்போறேன். பாவம், அதுக்கும் விடுதலை வேணாமா?"

"சார், அதுக்கு ஒரு கண்ணு கோலிகுண்டு!"

"கேமராவுக்குக் கண்ணு தெரிஞ்சா போதும்."

பொம்மையை மரத்தடியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் ஒரே ஒரு படம் விழுந்திருந்தது. மரநாய் கம்பீரமாகத்தான் நின்றது. ஆனால் படத்தின் வலப் பாதியில் கேன்டீன் குப்பைத் தொட்டி! அடர்ந்த வனத்துக்கு நடுவே குப்பைத் தொட்டியா? மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லாமல், செல்போனிலேயே அந்தப் பாதியை வெட்டி எறிந்தார்.

குழுத் தலைவர் ஸ்ரீரங்கன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏன் சார், இந்த மரநாய்க்கு வயித்துல தையல் போட்டிருக்கே, சிசேரியனா?"

அறையே சிரித்தது. லியோனார்ட் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். 'வன உயிர் எதுவும் இல்லை. இவர் இனி எந்தப் படம் காட்டினாலும் ஏற்க வேண்டாம்' என்று அடிக்கோடிட்டு எழுதிவிட்டு, கேசரியையும் சாப்பிட்டுவிட்டுக் குழு கிளம்பியது. கிளாடிஸ் அங்கேயே மரம் வெட்டும் ஆளுக்குப் போன் போட்டார்.

பொம்மையைத் தூக்கிக்கொண்டு லியோனார்ட் ஆய்வகத்துக்கு வந்தார். பீர் முஹம்மது கணினியில் முழுப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நீங்க! குப்பைத் தொட்டி மேல நெசமான மரநாய் குந்திக்கினு, நம்ம பொம்மைய மொறச்சுக்கினு கீது. அந்தப் பாதிய போயி ஏன் சார் வெட்டுனீங்க?"