மெஷின் சொன்னா அது துண்டுதான்

கையில் ஒரு கருவியும் வாயில் நாலு இங்கிலீஷ் வார்த்தையும் இருந்துவிட்டால் எனக்குத் தலை கால் புரியாது. இதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். இருபத்தைந்து வயதில் இந்த நோய் முற்றிப்போன நிலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா தன் சரக்குக் கிட்டங்கியை என் கையில் விட்டார். (பாவம், படித்த பிள்ளை ஆயிற்றே என்று நம்பிவிட்டார்.)

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் கிட்டங்கி. குற்றாலத்து லாட்ஜ்களுக்குத் துண்டு, சோப்பு, தேய்த்துக் குளிக்கிற எண்ணெய், வாளி, பினாயில், கால் மிதியடி என்று சகலமும் இங்கிருந்துதான் போகும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கிட்டங்கி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் மூச்சு விட நேரமிருக்காது. எல்லா லாட்ஜும் ஒரே நாளில் போன் பண்ணும்.

நான் சென்னையில் சரக்கு மேலாண்மை படித்து, ஒரு பெரிய கம்பெனியின் கிட்டங்கியில் இரண்டு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. யாரிடமாவது பொறுப்பைக் கொடுக்க வேண்டும். பெரியப்பா மகன் முருகேசன் ஏற்கெனவே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். நான் போய் முன்னால் நின்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். “ஏட்டி கோமதி, இந்தச் சீசனை நீயே நடத்து. ஒழுங்கா நடத்திட்டேன்னா கிட்டங்கி சாவி ஒனக்கு. இல்லேன்னா முருகேசன்கிட்ட குடுத்துருவேன். பெறவு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியக் கூடாது.”

எனக்கு அந்தச் சாவி வேண்டும். வேலைக்காக அல்ல, வீம்புக்காக அல்ல என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இரண்டுக்காகவும்தான். போதாததற்கு, அந்த இடத்தின் சாக்கு வாசனையும் எண்ணெய் வாசனையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதல் நாள் உள்ளே போய்ப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்தது. எங்கள் லோடுமேன்களின் தலைவர் சுடலை அண்ணாச்சி. முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். அவர் ரேக்குகளுக்கு அருவிகளின் பெயரை வைத்திருந்தார். நடு வரிசை மெயின் அருவி. ஐந்து தட்டு உள்ளது ஐந்தருவி. விற்காத பழைய சரக்கு கிடக்கும் மூலை, பழைய குற்றாலம். பெட்டிகளின் மேல் சாக்பீஸால் அடையாளம் வேறு. வட்டம் என்றால் துண்டு, பெருக்கல் குறி என்றால் மிதியடி.

“ஏலே, ஐந்தருவி ரெண்டாம் தட்டுல வட்டம் பத்து இறக்கு!” என்று அவர் கத்துவார். பத்துப் பெட்டி துண்டு இறங்கும். இதுதான் எங்கள் கிட்டங்கியின் முழு நிர்வாகம்.

நான் விடுவேனா? ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். அருவிகளை ஒழித்துவிட்டு ரேக்குகளுக்கு எண் கொடுத்தேன். ஒவ்வொரு ரேக்கிலும் பார்கோடு ஒட்டினேன். சாக்பீஸ் அடையாளங்கள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். (இந்த இடத்தை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.) போன் மாதிரி இருக்கும் நான்கு ஸ்கேனர்களை வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஆர்டர் அதில் வரும். எந்த ரேக், எத்தனை பெட்டி என்று அது சொல்லும். ரேக்கில் இருக்கிற பார்கோடைக் காட்டினால் ‘கீச்’ என்று ஒரு சத்தம் போடும். பெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

பயிற்சி வகுப்பு நடத்தினேன். கரும்பலகையெல்லாம் வைத்து.

“இது ஏன் பாப்பா கீச்சுங்குது?” என்று கேட்டார் சுடலை அண்ணாச்சி.

“சரியான ரேக்னு சொல்லுது அண்ணாச்சி.”

“தப்பான ரேக்குன்னா?”

“ரெண்டு தடவை கத்தும்.”

“ரேக்கு சரியா இருந்து, உள்ள இருக்கிற சரக்கு மாறியிருந்தா?”

இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. உலகத்தில் எந்தக் கம்பெனி அதிகாரியும் என்னிடம் கேட்காத கேள்வியை அந்த மனிதர் முதல் நாளே கேட்டுவிட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அண்ணாச்சி, மெஷின் சொல்றதை எடுங்க. கேள்வி கேக்காதீங்க.”

அவர் தலையாட்டிவிட்டார்.

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு விரலுக்குத் திரை வேலை செய்யவில்லை என்று ஒருவர் மூக்கால் தொட்டு வேலை பார்த்தார். இன்னொருவர் டீக்கடைக்குக் கொண்டுபோய் பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, “நம்ம கிட்டங்கியில இது இல்லையாம்லே” என்று கடைக்காரரிடம் துக்கம் விசாரித்தார். மற்றபடி குறை இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் லேபிள் ரோல் வாங்குவதற்காக நான் திருநெல்வேலி போயிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் சாரல் விழுந்தது. மறுநாள் காலையில் போன் மேல் போன். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டம் அள்ளுகிறது, உடனே சரக்கு அனுப்புங்கள் என்று எல்லா லாட்ஜ்காரர்களும் பறந்தார்கள். அப்பாவும் ஒரு நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பரீட்சை ஆரம்பம்.

நான்கு ஸ்கேனர்களும் கீச் கீச் என்று அணில் கூட்டம் மாதிரி கத்தின. சுடலை அண்ணாச்சி ஒருமுறை என் பக்கத்தில் வந்து, “பாப்பா, நேத்து சாரல் விழுந்துச்சுல்லா…” என்று ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, இப்ப சாரல் பத்திப் பேசுற நேரமா? மெஷினைப் பாருங்க!”

மறுபடி ஒருமுறை வந்தார். நான் கையை மட்டும் காட்டினேன். அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வழக்கமாக மத்தியானம் வரை இழுக்கும் வேலை ஒன்பது மணிக்கே முடிந்தது. திரை முழுக்கப் பச்சை. அண்ணாச்சியும் வண்டியில் ஏறிக்கொள்ள, எங்கள் குட்டியானை வேன் குற்றாலத்தைப் பார்த்துக் கிளம்பியது. அப்பா என்னைப் பார்த்து, “பரவாயில்லையேட்டி” என்றார். எங்கள் அப்பாவின் அகராதியில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. நான் அந்தப் பச்சைத் திரையோடு ஒரு செல்பி எடுத்துக் கல்லூரித் தோழிகளின் குழுவில் போட்டேன்.

பதினைந்தாவது லைக் வரும்போது போன் அடித்தது. எங்கள் பெரிய வாடிக்கையாளரான லாட்ஜின் மேனேஜர் பரமசிவம்.

“எம்மா, நான் துண்டுல்லா கேட்டிருந்தேன்?”

“ஆமா அண்ணாச்சி, இருபது பெட்டி. அனுப்பியாச்சு.”

“என் கையில இருக்கிறது வேறல்லா?”

“இருக்காதே! மெஷின்ல துண்டுன்னுதான் இருக்கு.”

“எம்மா, நான் கையில வச்சிக்கிட்டுச் சொல்லுதேன்…”

“அண்ணாச்சி, மெஷின் தப்புப் பண்ணாது. நல்லாப் பாருங்க, அது துண்டுதான்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பின்னால் யாரோ “துண்டு! துண்டு!” என்று கத்தும் சத்தம். “சரிம்மா. மெஷின் சொன்னா அது துண்டுதான்” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு விரட்டினேன்.

லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்க்கும் கொட்டகை. பெஞ்சில் ஒருவர் குப்புறப் படுத்திருக்க, எண்ணெய் தேய்ப்பவர் எங்கள் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறந்து மோந்துகொண்டிருந்தார். படுத்திருந்தவர் தலையைத் தூக்காமலே, “என்னப்பா, ஆஸ்பத்திரி வாசனை வருது?” என்றார். பினாயில். நல்லவேளை, தேய்ப்பவருக்கு மூக்கு இருந்தது.

அதைத் தாண்டி வராந்தாவுக்குள் போனால், என் வாழ்க்கையின் மறக்க முடியாத காட்சி. அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு பெரிய மீசைக்காரர், ஓய்வு பெற்ற போலீஸ்காரராம், நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அவர் இடுப்பைச் சுற்றி ஒரு தேங்காய் நார் மிதியடி. அதில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ‘நல்வரவு’. இன்னொரு மிதியடியால் அவர் மனைவி அவருடைய முதுகைத் துடைக்க, அவர் “ஐயோ, தோல் உரியுதுடி!” என்று அலறுகிறார். ஈரத்தில் சாயம் வேறு இறங்கிவிட்டது. மிதியடியைக் கொஞ்சம் இறக்கியபோது அவருடைய தொப்பையிலும் ‘நல்வரவு’ இருந்தது. எழுத்து மாறாமல் அப்படியே.

வராந்தா முழுக்க இப்படி ஒரு ஏழெட்டுக் குடும்பம் மிதியடியும் கையுமாக நின்றது.

மீசைக்காரர் சுடலை அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டு உலுக்கினார். “நீதானே ஏத்திட்டு வந்தே? கண்ணு தெரியாதா ஒனக்கு? துண்டுக்கும் மிதியடிக்கும் வித்தியாசம் தெரியாதா?” அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. ‘இந்தப் பிள்ளைதான் கேட்கக் கூடாதென்று சொன்னது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். சாவி போயிற்று என்பது நிச்சயம்.

“ஸார், அவரை விடுங்க” என்றேன். “அவர் சொல்ல வந்தார், நான்தான் கேக்கல. தப்பு முழுக்க என்னோடது.”

மீசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ யாரும்மா?”

“நான்தான் ஸார் இதையெல்லாம் நவீனப்படுத்தினேன்.”

பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினால், அப்பா. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முழங்கால் வலியை மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அதைப் பார்த்துப் பரமசிவம் சிரிக்க, கடைசியில் மீசைக்காரரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் மிதியடி நழுவப் பார்க்க, அவர் மனைவி பாய்ந்து பிடித்தார்.

வண்டியில் திரும்பும்போது சுடலை அண்ணாச்சியிடம் கேட்டேன், என்னதான் நடந்தது என்று.

“சாரல் விழுந்துச்சுன்னா நம்ம மேக்குச் சுவரு வேர்க்கும் பாப்பா. அங்கன இருக்கிற துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பெட்டியெல்லாம் பூசணம் பூத்துப்போவும். அதான் வருசா வருசம் அதையெல்லாம் கிழக்க மாத்திட்டு, நனைஞ்சாலும் கெடாத மிதியடி, பினாயிலை மேக்க வைப்போம். நேத்தும் மாத்துனோம்.”

“இதை ஏன் அண்ணாச்சி எனக்கு முன்னாடியே சொல்லல?”

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “சாரல் விழுந்தா மாத்தணும்ங்கிறதை ஒருத்தருக்குச் சொல்லவா செய்வாவ?”

நான் இந்த ஊர்க்காரிதான். சீசன் வந்தால் அருவியில் கிடப்பேனே தவிர, கிட்டங்கிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ரேக்குக்குப் பார்கோடு ஒட்டியவள் பெட்டிக்கு ஒட்டவில்லை. சரக்கு இடம் மாறும் என்கிற நினைப்பே இல்லாமல், ஒட்டிய இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் என்று நம்பினேன்.

கிட்டங்கிக்கு வந்ததும் ஸ்கேனர்களை மேசையில் வைத்தேன். “அண்ணாச்சி, நீங்களே சத்தம் குடுங்க.” அவர் மெயின் அருவி, ஐந்தருவி என்று முழங்க, நானும் பெட்டி தூக்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லா லாட்ஜிலும் ஈரத் தலைகளுக்குத் துண்டு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“எதுக்குப்பா? சீசன் மொத நாளே சந்தி சிரிச்சிப்போச்சே.”

“முருகேசனா இருந்தா சுடலை தலையில கட்டிட்டு வந்திருப்பான்” என்றார். “நாளைக்கு அந்த மெஷினை எடுத்துக்கிட்டுச் சுடலைகூட உக்காரு. அவன் செய்யுத வேலை என்னன்னு முதல்ல பாரு. பெறவு அதை மெஷின்ல ஏத்து. மெஷின்ல இருக்கிறதை அவன் மேல ஏத்தாத.” சொல்லிவிட்டுத் திடீரென்று, “நவீனப்படுத்தினாளாம்லா!” என்று மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னபடியே அண்ணாச்சியோடு உட்கார்ந்தேன். இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் பார்கோடு உண்டு. பெட்டி இடம் மாறினால் பெட்டியையும் ரேக்கையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுகிறார்கள். திரையில் ரேக் எண்ணோடு ஐந்தருவி, மெயின் அருவி என்ற பெயர்களும் வரும். முதல் சாரலன்று மொத்தச் சரக்கையும் மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தும் உரிமை சுடலை அண்ணாச்சிக்கு மட்டும். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

எனக்குக் கல்யாணம் ஆகி, மறுவீட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுக் கதவு இடுக்கில் கையை நீட்டித் துண்டு கேட்டார். புது மாப்பிள்ளை, இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அம்மா துண்டு எடுக்க ஓடுவதற்குள், அப்பா வாசலில் கிடந்த மிதியடியை உதறி அந்தக் கையில் கொடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

உள்ளே கரகரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. மாமனார் வீட்டில் எதற்கும் குறை சொல்லக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லி அனுப்பியிருப்பார் போல. மனிதர் உடம்பெல்லாம் சிவந்து, நன்றாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மிதியடியை நான்காக மடிக்கப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “துண்டு நல்ல கனம் மாமா. கொஞ்சம் சுருக்குன்னு இருக்கு, அவ்வளவுதான்.”