அது வேற மெக்கானிக்

"வேனை எங்கங்க ஒளிச்சு வைக்கறது?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள் மனைவி.

மெக்கானிக் தரைத்தள வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற நீல வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையில்லாத சித்தப்பா அவர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது. வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் கடிதம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமை ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பேசுவாராம்.

இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவர் அவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்டின் அடிக்குழிக்குள் விழுந்தார். வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. வேலை போய்விட்டது; 'மெக்கானிக்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாதாமாதம் வரும் உதவித்தொகையும், மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக் கொண்டுவரும் சம்பளமும்தான் குடும்ப வருமானம்.

அந்தத் தொகையைக் காப்பாற்றும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் நான்காம் மாடிக்காரர். எந்தக் காலத்திலோ இரண்டு மாதம் கோர்ட்டில் டைப் அடித்தவர் என்பதால் கட்டடம் முழுக்க அவருக்குக் 'கோர்ட்டார்' என்றுதான் பெயர்.

"ரெண்டே விஷயம். பேர்ல சொத்து இருக்கக்கூடாது, கையால வேலை பாக்கக்கூடாது. ஒண்ணு தெரிஞ்சாலும் பணத்தை வெட்டிடுவான்" என்று முதல் மாதமே சொல்லிவிட்டார்.

மெக்கானிக் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழைய ஃபோர்மேன் வீடு தேடி வந்து, "புதுசா சேர்றவங்களுக்குக் கத்துக்குடுப்பா. வாரத்துல மூணு நாள்தான், நாற்காலில உக்காந்துட்டே" என்று கூப்பிட்டபோதுகூட, வலி தாங்கவில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டார். ஃபோர்மேன் அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை. வாசலைத் தாண்டிப் போன அந்த முதுகு மெக்கானிக்குக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

இப்போதும் கோர்ட்டாரிடம்தான் யோசனை கேட்டார்.

"இது ஒரு பிரச்சினையா? வேனை உங்க மச்சினன் பேருக்கு மாத்திடுங்க. சொத்தும் இல்ல, சோலியும் முடிஞ்சுது."

மச்சினன் கூப்பிட்ட குரலுக்கு வந்தான். கையெழுத்தான அன்றே வேனை ஓட்டிக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தள்ளுவண்டியோடு திரும்பி வந்தான். வண்டியில் இடுப்புயரப் பெட்டி ஒன்று.

"மாமா, வேனை நல்ல விலைக்குத் தள்ளிட்டேன்! படுத்துக்கிடந்த என் கடை எழுந்து நின்னுடுச்சு. உங்களை மறப்பேனா? வாஷிங் மெஷின். இருக்கறதுலயே பெருசு!"

"தள்ளிட்டியா? டேய், சும்மா பேருக்குத்தானேடா மாத்தினேன்!"

"அதை நீங்க சொல்லவே இல்லையே மாமா."

சொல்லத்தான் இல்லை. மனைவி பெட்டியை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"பில்லு யார் பேர்ல போட்டிருக்கான்?" என்றார் மெக்கானிக்.

"உங்க பேர்லதான்! பின்ன வேற யார் பேர்ல?"

கோர்ட்டார் பெரிய மனது பண்ணினார். "வியாழக்கிழமை வரைக்கும் என் வீட்ல இருக்கட்டும். என் துணியையும் நாலைப் போட்டுப் பாத்துடறேன்."

அவர் வீடோ நான்காம் மாடி. லிஃப்டோ நான்கு மாதமாகத் தரைத்தளத்தில் படுத்துக் கிடந்தது. கம்பெனிக்காரர்கள் உதிரிபாகம் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மச்சினன் பத்துப் படி தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெட்டி மறுபடியும் கீழே வந்தது.

மெக்கானிக் லிஃப்டைப் பார்த்தார். அரைமணி நேர வேலைகூட இல்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். கதவு மூடும் சத்தமே சொல்லிற்று, கதவுப் பூட்டில் மின்சாரம் பாயும் முனை கரி பிடித்திருக்கிறது என்று. வாயைத் திறந்தால் வேலை பார்த்ததாகிவிடுமே என்று பேசாமல் இருந்தார். மூன்றாம் மாடிக் கர்ப்பிணிப் பெண் மூச்சிரைக்கப் படியேறும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஸ்டூலைக் கொண்டா. கட்டிலுக்கு அடியில என் கருவிப்பெட்டி இருக்கு, அதையும் எடு" என்றார் மனைவியிடம்.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பூட்டைக் கழற்றினார். ஆறு வருஷமாகியும் விரல்கள் எதையும் மறக்கவில்லை. முனையைத் தேய்த்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, மூடினார். மனைவி பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு முனகு முனகிவிட்டு மெஷினோடு மேலே போயிற்று. படிக்கட்டில் நின்றவர்களெல்லாம் கை தட்டினார்கள். மெக்கானிக் கரி படிந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கட்டடச் செயலாளர் ஓடி வந்தார். "இவ்வளவு நாள் எங்க சார் இருந்தீங்க? இந்தத் தெருவுல மூணு கட்டடம் இருக்கு. மாசம் ஒருவாட்டி இப்படி உக்காந்து பாத்துக்குடுங்க போதும். மத்ததை நான் பேசி முடிக்கறேன்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க. அது தானாவே ஓடிருச்சு" என்றார் மெக்கானிக்.

எவ்வளவு அடக்கம் என்று உருகிப்போன செயலாளர், புதன்கிழமை காலையில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினார்: 'தன் கையால் லிஃப்டைச் சரிசெய்த நம் மெக்கானிக் அவர்களுக்கு நன்றி!' மெக்கானிக் நொண்டிக்கொண்டே போய் அதைக் கிழித்துப் போட்டார். யாரோ பொறாமைக்காரனின் வேலை என்று கொதித்த செயலாளர், மதியம் இன்னும் பெரிய எழுத்தில், மெக்கானிக்கின் போட்டோவோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அது கிடக்கட்டும்," என்றார் கோர்ட்டார். "அந்தக் கருவிப்பெட்டி வீட்ல இருந்துச்சுன்னா அதுதான் பெரிய சாட்சி. முதல்ல அதை ஒழிங்க."

"உங்க வீட்ல ஒரு நாள்…"

"ஐயையோ! ஏற்கெனவே மெஷின் இருக்கு. மாட்டினா நானும்ல சேர்ந்து மாட்டுவேன்!"

சாயங்காலம் பழைய இரும்புக்காரரின் வண்டி வந்தது.

"ஒரே ஒரு ஸ்பேனரையாவது எடுத்து வையுங்களேன்" என்றாள் மனைவி.

"ஒண்ணா இருந்தாலும் சாட்சிதான்."

பெரிய ஸ்பேனரின் கைப்பிடி அவருடைய கட்டைவிரல் பட்டுப் பட்டே குழிந்துபோயிருந்தது. இரும்புக்காரர் அதைப் பார்க்கவில்லை. மொத்தமாக அள்ளித் தராசில் கொட்டினார். கொடுத்ததை மெக்கானிக் எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரை ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்த முகமாகவே கேட்டாள்.

"லிஃப்ட் பக்கத்துல உங்க போட்டோ பாத்தேன் ஐயா."

"அது வேற மெக்கானிக்."

அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினாள். "தொழில் பண்ண வண்டி, கருவி ஏதாவது சொந்தமா வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் கிடையாது!" ஆறு வருஷ உழைப்பின் பெருமை அந்தக் குரலில் இருந்தது. "வீட்டைச் சுத்திப் பாத்துக்கலாம்."

"திரும்ப வேலைக்குப் போகணும்னு ஆசை இருக்கா?"

"கனவுலகூட இல்லம்மா."

"யாராவது கூப்பிட்டிருக்காங்களா?"

"கூப்பிட்டாலும் போறதா இல்ல."

அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு 'விருப்பம் இல்லை' என்று எழுதி நீட்டினாள். மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். கோப்பை மூடிக்கொண்டு அவள் எழுந்தபோது மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவர் சொல்றது அத்தனையும் பொய்யும்மா. வேன் இருந்துச்சு, குடுத்துட்டார். கருவியெல்லாம் இருந்துச்சு, நேத்துதான் எடைக்குப் போட்டார். ஆளுங்க வந்து வேலைக்குக் கூப்பிட்டாங்க, போகல. எல்லாம் சொத்து, வேலைன்னு நீங்க போட்ட வரம்புக்குப் பயந்துதான். வெட்டிடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண் செருப்பைப் போடாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, அந்த வரம்பெல்லாம் ஒருநாள்கூட வேலைக்குப் போகாதவங்களுக்குத்தான்; இவருக்கு வர்றது இவரோட இருபத்திரண்டு வருஷச் சம்பளத்துல பிடிச்ச பணம், பத்து வேன் வெச்சிருந்தாலும், ஒரு வருஷம் வேலைக்குப் போய்ப் பாத்தாலும் நிறுத்தமாட்டோம், ஆசை இருந்தா தைரியமாப் போங்கன்னு சொல்லத்தான் நான் வந்தேன்."