உடைசல் சேரும் நாலு தூணும்

உலகத்தில் எதுவுமே உடையாமல் இருந்திருந்தால் உடைசல் சேர் பட்டினி கிடந்தே செத்திருப்பார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கற்பிட்டி வீதியில், பாலாவியைத் தாண்டி, களப்பு எனும் கடல்நீர் ஏரியின் ஓரமாக, எங்கள் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குச் சொந்தமான ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பீடத்தின் கள ஆய்வு நிலையம் அதுதான். அங்கே மூன்று வருடம், நிலையப் பொறுப்பாளரான அவருக்கு ஆய்வு உதவியாளராக இருந்தவள் நான். நல்ல நிலையில் உள்ள ஒரு பொருளை அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் புது மடிக்கணினியைக் காட்டினேன்.

"நல்லா வேலை செய்யுதா, மகள்?"

"ஓம் சேர், சூப்பரா செய்யுது."

மனிதரின் முகம் வாடிவிட்டது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கதவில் பெயர்ப்பலகையும் இருந்தது. ஆனால் அதன் முதல் பாதியை உப்புக்காற்று தின்றுவிட்டதால் பட்டங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. கற்பிட்டி மீனவர்களுக்கும் உப்பளத்து ஆட்களுக்கும் அவர் உடைசல் சேர். பஸ் கொண்டக்டர்கூட "உடைசல் சேர் இறக்கம் இருக்கா?" என்றுதான் கேட்பார்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான்: கரையோரத்தில் எது உடைந்தாலும் கொட்டகைக்கு வரும். போட் இஞ்சினின் காற்றாடி, உப்பளப் பம்பின் தண்டு, தேவாலயக் கேட்டின் கீல், சைக்கிள் பெடல், எல்லாம் வரும். கொண்டுவருபவரைக் கதிரையில் இருத்தி மூன்று கேள்வி கேட்பார். எங்கே வைத்திருந்தீர்கள்? எத்தனை நாள் தாங்கியது? உடைவதற்கு முன் என்ன சத்தம் போட்டது?

மூன்றாவது கேள்வியில்தான் என் பொறுமை போகும். உடப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு சம்மாட்டியார், பல படகுகளின் சொந்தக்காரர், வந்திருந்தார். பெரிய மீசை, பெரிய குரல், ஊரில் அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அந்த மனிதர் கொட்டகை நடுவில் நின்று, "க்ர்ரீ... டக்... டக்... க்ர்ரீ..." என்கிறார். சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்.

"இன்னொருக்கா."

"க்ர்ரீ... டக்..."

"டக்குக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி இருந்துதா?"

"இருந்திச்சி சேர். ஒரு மூச்சு விடுற நேரம்."

"அப்ப அந்த இடைவெளியோட போடுங்க."

இதற்குப் பிறகு ஒரு அட்டையில் எல்லாவற்றையும் எழுதி, மீன்பிடித் தங்கூசி நூலால் அந்தப் பொருளில் கட்டித் தட்டில் வைப்பார். கூரை வரைக்கும் தட்டுகள். அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நான் வேகமான ஆள். முன்பக்கத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போவேன். சில அட்டைகளின் பின்பக்கத்திலும் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருப்பார். அதையெல்லாம் பார்க்க எனக்கு எங்கே நேரம்?

நான் அங்கே போனது உலகத்தை மாற்றுவதற்கு. என் கொப்பி நிறைய யோசனைகள். ட்ரோன் விட்டுக் களப்பை அளக்கலாம், வெயிலில் பம்ப் ஓட்டலாம்.

"சேர், நாங்க புதுசா ஒண்டு செய்வமா?"

"தாராளமாச் செய்யுங்க, மகள். உடைஞ்சதும் கொண்டுவாங்க."

இப்படிப்பட்டவரிடம் ஒருநாள் பல்கலைக்கழகத்தின் புதிய ஆய்வு மூலோபாயம், அதாவது ஆராய்ச்சித் திட்டம், வந்து சேர்ந்தது. வழவழப்பான அட்டை போட்ட புத்தகம். நடுப்பக்கத்தில் ஒரு கட்டிடத்தின் படம். நாலு தூண்கள், ஒவ்வொரு தூணிலும் ஒரு ஆய்வுத்துறையின் பெயர், மேலே 'உலகத்தரம்' என்று எழுதிய கூரை. கூடவே ஒரு படிவமும் கடிதமும். ஒவ்வொரு ஆய்வு நிலையமும் தான் எந்தத் தூணில் அடங்குகிறது என்று படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும். எந்தத் தூணிலும் அடங்காத நிலையங்கள் மூடப்படும்.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கொட்டகை மூடப்பட்டால் என் வேலையும் போய்விடும். பிறகு புத்தளம் டவுனில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடைதான். நாலு வருடம் பொறியியல் படித்துவிட்டு, தராசில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

சேர் புத்தகத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். பென்சிலும் கையுமாக இருந்தார். ஆஹா, மனிதர் கடைசியில் விழித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினார். தூண்களுக்கு இடையில் சரிவாகக் கோடுகள் இழுத்திருந்தார்.

"மகள், இதில பிழை இருக்கு. நாலு தூண் நிக்குது, மேல பாரமான கூரை. குறுக்குச் சட்டம் ஒண்டும் இல்லையே. பக்கத்தால காத்தடிச்சா என்ன ஆகும்?"

"சேர், அது சும்மா படம்!"

"எல்லாம் படத்திலதான் தொடங்குது."

நான் மறுவார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்து உறையிலிட்டு, காவலாளி செபஸ்தியான் அண்ணனிடம் கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கே தபாலில் அனுப்பிவிட்டார்.

படிவத்தையும் அவரே நிரப்பினார். எதிர்பார்க்கும் பெறுபேறு என்ற இடத்தில், 'உடையும்.' கால எல்லை என்ற இடத்தில், 'அது பொருளைப் பொறுத்தது.' கூட்டுப் பங்காளிகள் என்ற இடத்தில், 'உப்புக்காற்று, ஈரம்.' நான் அதை நாலாகக் கிழித்தேன். துண்டுகள் காற்றில் வெளியே போயின. வாசலில் நின்ற கழுதை ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றது. அந்தப் படிவத்தை ரசித்த ஒரே உயிர் அதுதான்.

புதுப் படிவத்தை நானே நிரப்பினேன். 'சூரிய சக்தியில் இயங்கும் உப்பளப் பம்ப்.' தூண் இரண்டு, பசுமைப் புத்தாக்கம். பாராட்டிப் பதில் வந்தது. குழு ஒரு வியாழக்கிழமை வருகிறது. பிறகுதான் அப்படியொரு பம்ப் செய்ய வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

செய்தேன். நானும் செபஸ்தியான் அண்ணனும் சேர்ந்து மூன்று வாரத்தில் செய்தோம். பம்பும் சோலர் பெனலும் புதியவை. பெனலைத் தாங்க, கொட்டகைக்குப் பின்னால் பல வருடமாகக் கிடந்த அலுமினியச் சட்டத்தை எடுத்தேன். வாப்பாவின் கடையிலிருந்து பளபளவென்று ஸ்டெயின்லெஸ் போல்ட் கொண்டுவந்து இறுக்கினேன். மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்தேன். களப்போரத்தில் கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

திங்கட்கிழமை சேர் பிளேன்டீ கோப்பையுடன் வந்தார். பெனலைப் பார்க்கவில்லை, பம்பைப் பார்க்கவில்லை. தேக்கரண்டியால் சட்டத்தின் நாலு மூலையிலும் தட்டினார். டிங், டிங், டிங், தொக்.

"இந்த மூலை," என்றார்.

"என்ன சேர் அந்த மூலைக்கு?"

"ஏற்கெனவே அரிச்சிருக்கு. அதுக்குமேல அலுமினியத்தில ஸ்டெயின்லெஸ் போல்ட். இடையில பிளாஸ்டிக் வொஷரும் இல்ல. உப்புத்தண்ணி பட்டா போல்ட் தப்பும், சட்டம் கரையும்."

"பெயின்ற் அடிச்சிருக்கேனே."

"பெயின்ற்றுக்குக் கீழ நடக்கிற கதை வேற, மகள்."

"வியாழக்கிழமை மட்டும் தாங்கினாப் போதும், சேர்!"

"இங்க உடைஞ்ச சாமான் கொண்டுவாற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

புதன்கிழமை பின்னேரம் செபஸ்தியான் அண்ணன் வந்து தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, உங்கட சாமான் ஏதோ கதைக்குது. கிடிக் கிடிக் எண்டு."

"காத்துக்கு அண்ணன்."

"காத்து இப்பிடிக் கதைக்காதே."

எனக்குக் கோபம் வந்தது. சேரோடு பத்து வருடம் இருந்தால் காவலாளிக்குக்கூடக் காது நீண்டுவிடும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை வான் வண்டியில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். தலைவர் ஒரு பேராசிரியர். அந்த வெயிலிலும் டை கட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூட ஒரு விரிவுரையாளர் அம்மா, ஒரு பதிவாளர். நான் மூலோபாயத்தை மனப்பாடம் செய்திருந்தேன். தூண் இரண்டு, உபபிரிவு மூன்று என்று பொரிந்து தள்ளிவிட்டு சுவிட்சைப் போட்டேன். பம்ப் உறுமியது. களப்புத் தண்ணீர் குழாயில் ஏறிப் பக்கத்து உப்பளப் பாத்தியில் கொட்டியது. பதிவாளர் கைதட்டினார். பேராசிரியர் பம்பை அருகில் பார்ப்பதற்காகச் சட்டத்தின் கீழ் வரம்பில் குந்தினார்.

அப்போது சோளகக் காற்று ஒரு வீச்சு வீசியது.

கிடிக். க்ரீ. டொப்.

பெனல் முகங்குப்புறச் சேற்றில் விழுந்தது. பேராசிரியருக்குக் காயமில்லை. சட்டை மட்டும் கழுத்திலிருந்து இடுப்புவரை களப்பாகிவிட்டது. தூரத்தில் ஒரு கழுதை கத்தியது. என் கண்முன்னால் வாப்பாவின் தராசு ஆடிக்கொண்டிருந்தது.

உடைசல் சேர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சப்பாத்தோடு சேற்றில் இறங்கி, உடைந்த மூலையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். பிறகு குழுவைப் பார்த்துக் கூவினார்.

"என்ன சத்தம் கேட்டுது? மறக்கிறதுக்கு முதல் எல்லாரும் சொல்லுங்க!"

விரிவுரையாளர் அம்மா தன்னை மறந்து, "முதல்ல க்ரீ..." என்றார்.

"இல்ல மிஸ், கிடிக்தான் முதல்," என்றார் பதிவாளர்.

"எனக்கு வடிவாக் கேட்டுது. க்ரீ!"

"நான் கிட்ட நிண்டனான். கிடிக்!"

மூலோபாயக் குழு உப்பள வரம்பில் நின்று வாயால் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தது. எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

பேராசிரியர் எழுந்தார். "போதும்! இது என்ன ஆராய்ச்சி? இது எந்தத் தூணில வருது?" என்று கத்திவிட்டுக் கைகழுவக் கொட்டகைக்குள் போனார். மன்னிப்புக் கேட்க நான் பின்னால் ஓடினேன்.

அவர் கை கழுவவில்லை. தட்டுகளுக்கு நடுவில், வளைந்து முறிந்த ஒரு இரும்பு அச்சின் முன்னால் நின்றார். அட்டையின் முன்பக்கம் எனக்குத் தெரிந்தது. நானே கணினியில் ஏற்றியதுதான். 'நீர் இறைக்கும் காற்றாலை. அச்சு. பத்தொன்பது நாள்.' கொண்டுவந்தவர் பெயரை வேகத்தில் நான் கவனித்ததேயில்லை. அது அவருடைய பெயர். பேராசிரியராவதற்கு வெகுகாலம் முன்பு, இளம் விரிவுரையாளராக அவர் இதே களப்போரத்தில் நட்ட காற்றாலை அது.

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். அங்கே இரண்டு வரிக்குமேல் இல்லை.

வாசலில் சேர் நின்றார். "என்ன சத்தம் போட்டுதெண்டு நினைவிருக்கா?"

பேராசிரியர் அட்டையைப் பார்க்காமலே சொன்னார். "டங்... டங்... பிறகு ஒரு ஊளை."

"ஊளை. ஓம், அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்."

அட்டையை விட்டுவிட்டுப் பேராசிரியர் என்னிடம், "பிளேன்டீ கிடைக்குமா?" என்றார்.

சேரே எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினார். வான் போனதும் நான் நேரே அந்தத் தட்டுக்குத்தான் போனேன். பின்பக்கத்தில் பென்சிலால் இருந்தது: 'மிகவும் வெட்கப்பட்டார். கெட்டிக்காரர். பிளேன்டீ கொடுத்தேன். திரும்பச் செய்யும்படி சொல்ல வேண்டும்.'

அடுத்த அட்டையைத் திருப்பினேன். 'மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் இஞ்சின் உடைந்திருக்கிறது. சிரித்துக்கொண்டு வந்தார். நம்பவில்லை.' உடப்புச் சம்மாட்டியாரின் அட்டை: 'சத்தம் போடும்போது சின்னப்பிள்ளை மாதிரி. நல்ல மனிதர்.' இவ்வளவு காலமாக நான் பாதி ஆராய்ச்சியைத்தான் கணினியில் ஏற்றியிருக்கிறேன். எல்லா அட்டைகளையும் இனி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்! இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்?

கடைசித் தட்டில் என் அலுமினிய மூலை, சேறு காயாமல் இருந்தது. முன்பக்கத்தில் அளவுகள், முடிவில் 'கிடிக், க்ரீ (குழுவில் கருத்து வேறுபாடு உண்டு), டொப்.' பின்பக்கத்தில்: 'மகள் அழவில்லை. சீனி கூடப் போட்டு இரண்டு பிளேன்டீ. இனி வொஷர் போடுவா.'

அதற்குப் பிறகு கொஞ்சம் அழுதேன். அதை அவர் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கொட்டகை தொடரலாம். திருத்திய மூலோபாயமும் இணைக்கப்பட்டிருந்தது. நடுப்பக்கத்தில் அதே நாலு தூண். ஆனால் முதல் தூணின் அடியிலிருந்து நாலாம் தூணின் உச்சிக்கு ஒரு சரிவான கோடு. அதன்மேல் சின்ன எழுத்தில், 'பழுதுகளிலிருந்து கற்றல்: கரையோர நிலையம்.' நான் கத்திக்கொண்டு சேரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, படத்தைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டிருக்கிறாங்க," என்றார். "மற்றப் பக்கத்தால காத்தடிச்சா?"

இப்படிப்பட்டவரோடு மனிதர் எப்படி வேலை செய்வது?

போன வருடம் சேர் ஓய்வு பெற்று முன்னேஸ்வரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கொட்டகையை இப்போது நான் பார்க்கிறேன். வொஷர் இல்லாமல் ஒரு போல்ட் இறுக்குவதில்லை. ஆட்களிடம் மூன்று கேள்வியும் கேட்கிறேன். முன்னேஸ்வரத்தில் அவருக்கு உடைந்த சாமான் யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. அதனால் இங்கே ஏதாவது உடைந்தால் தொலைபேசியில் அழைத்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவேன். எந்தத் துண்டு, எதனால் என்று அங்கிருந்தபடியே சொல்லிவிடுவார்.

சென்ற வாரம் எதுவும் உடையவில்லை. இருந்தாலும் அழைத்தேன். வாய்க்கு வந்தபடி ஒரு சத்தம் போட்டேன்.

"மகள், இது ஒண்டும் உடைஞ்ச சத்தம் இல்லையே."

"ஓம் சேர்," என்றேன்.

"பரவாயில்ல," என்றார். "இன்னொருக்காப் போடுங்க."