ரெக்ஸ்டேல் குளிரை எங்கள் தலையில் கட்டாதேயும்

டோர்செட் பார்க்
20 கார்த்திகை 1995, திங்கட்கிழமை

என் கணவரின் தங்கையும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை எனக்கு மச்சாளாக இருந்தவருமான கமலாம்பிகைக்கு,

தெய்வானைப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் மகன் இரத்தினவேலும் மருமகள் யோகராணியும் பேத்தி துவாரகாவும் நல்லூர்க் கந்தன் கிருபையால் சுகம். உங்கள் வீட்டுச் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பீர். விசாரிக்காவிட்டாலும் நீர் சுகமாகத்தான் இருப்பீர், அது எனக்குத் தெரியும்.

உம்மோடு இனிக் கதைக்க மாட்டேன் என்று யோகராணிக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லை. ஆகையால் போன் பக்கத்திலேயே இருக்க, துவாரகாவின் கொப்பியில் நாலு ஒற்றை கிழித்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். கணக்கிலும் நாளிலும் பிழை இருக்காது.

விசயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உம்முடைய அண்ணரின் திவசம். கனடாவுக்கு வந்தபிறகு நாலாவது. முதல் மூன்றுக்கும் வந்தீர், இல்லையென்று சொல்லவில்லை. முதலாம் வருடம் வந்து கத்தரிக்காய்க்குப் புளி கூடிப்போச்சு என்றீர். இரண்டாம் வருடம் பாயாசத்துக்கு முந்திரிகைவத்தல் காணாது என்றீர். மூன்றாம் வருடம் ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனீர், என்ன குறை கண்டீரோ என்று நான் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் வரவே இல்லை. உம்மைத் தோளில் தூக்கி வளர்த்த மனுசனுக்கு இலை போட்டு, பக்கத்தில் உமக்கும் ஒரு இலை போட்டு வைத்துவிட்டு நான் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க, போன் அடித்தது. உம்முடைய மகள் இராஜேஸ்வரி.

"மாமி, இஞ்ச சினோ கொட்டுது. காரை வெளியில எடுக்கேலாமல் கிடக்கு. அம்மா வரேல்லையாம்."

"எங்க கொட்டுது?"

"இஞ்சதான் மாமி, வாசலில. முழங்காலளவு கிடக்கு."

நான் போனைக் கையில் பிடித்தபடியே பல்கனிக் கதவைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் மாடியில் இருந்து பார்த்தால் ஒஷாவாப் பக்கம் வரைக்கும் தெரியும். பனி ஒரு பொட்டும் இல்லை, வெயில் பளீரென்று அடிக்குது. கீழே ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை தொப்பியும் இல்லாமல் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாள். "எடி பிள்ளை, இஞ்ச நாயே வேர்த்துப்போய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போகுது" என்றேன். அதற்கு உம்முடைய மகள் சொன்ன மறுமொழியைக் கேளும்: "வேணுமெண்டால் கொஞ்சம் அள்ளி பிரீசரில வைக்கிறன் மாமி, வந்து பாருங்கோ." ஆருடைய பிரீசரைத் திறந்தாலும் ஐஸ் இருக்கும். போனை வைத்துவிட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். சினோ உம்மை உண்மையிலேயே மறித்ததா, அல்லது வர மனமில்லாமல் சினோவைச் சாட்டினீரா? இரண்டாவது என்றால் இந்த உறவு இத்தோடு சரி. அவரை இளந்தாரியாகப் பார்த்த ஆட்கள் இந்தப் பெரிய நகரத்தில் நீரும் நானும் மட்டும்தான். இரத்தினவேலுக்கு அப்பாவைத் தெரியும், அந்த மனுசனைத் தெரியாது. அப்படி மிஞ்சியிருக்கிற இரண்டு பேரில் ஒருவர் சாட்டுச் சொன்னால் மற்றவர் என்ன செய்கிறது?

மழை வெயிலில் பழி போடுவது உங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. ஐம்பத்துநாலாம் ஆண்டு ஆவணி மாதம் உம்முடைய கலியாணத்தன்று தாலி கட்டுகிற நேரம் பார்த்து மழை கொட்டி, பந்தல் சரிந்து, ஐயரின் நெருப்பு அணைந்துபோனது. உம்முடைய அம்மா சபையில் வைத்து என்ன சொன்னா? "மூத்த மருமகள் தேங்காய் துருவேக்கை சொட்டுச் சொட்டாய்த் திண்டவள், அதுதான் மழை" என்றா. தேங்காய்ச் சொட்டுத் தின்றால் கலியாணத்தன்று மழை பெய்யும் என்பது ஊர்ப் பேச்சு, ஆனால் நான் ஒரு துண்டும் தின்னவில்லை. தின்றது நீர். கூறைச் சீலை உடுக்கமுதல் அடுப்படிக்குப் பின்னால் நின்று, மூன்று சொட்டு. என்ர இரண்டு கண்ணாலும் கண்டேன். மணப்பெண் ஆயிற்றே என்று நாற்பத்தொரு வருடம் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

இனி இந்தச் சனிக்கிழமை நடந்த கூத்துகளைக் கேளும். இந்தக் கட்டடத்தில் காலநிலை சொல்லுவது நான்தான் என்பது உமக்குத் தெரியும். விடிய ஆறு மணிக்கு எழும்பி ரிவியில் வெதர் சனலைப் போட்டுவிடுவேன். இங்கிலீசு தேவையில்லை. சூரியன் படம் என்றால் வெயில், மேகத்துக்குக் கீழே வெள்ளைப் பொட்டு என்றால் சினோ, எண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் கையுறை. காற்றுக் குளிருக்கென்று வேறாக ஒரு பெரிய எண் வரும். அது ஆயிரத்து அறுநூறைத் தாண்டினால் காதையும் மூக்கையும் மூட வேண்டும். பார்த்து முடித்து ஆறு வீட்டுக்குப் போன் பண்ணி இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எந்த ஜக்கெற் என்று சொல்லிவிடுவேன். மூன்று வருடமாக ஒரு பிள்ளைக்குத் தடிமன், மூக்கடைப்பு வந்தது கிடையாது. வந்தாலும் அது பள்ளிக்கூடத்தில் தொற்றினது.

வெள்ளிக்கிழமை இரவு டொரன்டோ என்று போட்டு, மேகம், கீழே நிறைய வெள்ளைப் பொட்டு. உடனே ஆறு வீட்டுக்கும் சொன்னேன், நாளைக்குப் பெரிய சினோ, பூட்ஸ் இல்லாமல் ஒரு பிள்ளையும் வெளிக்கிடக் கூடாது என்று. ஐயருக்கும் யோகராணியைக் கொண்டு அறிவித்தேன். அதைக் கேட்டுப் பயந்துபோன மனுசன் பதினொரு மணிக்கு வர வேண்டியவர் காலமை எட்டு மணிக்கே வந்து நிற்கிறார், எங்கள் வீட்டில் உலையே வைக்கவில்லை. பதினொரு மணிக்கு வந்த சனத்துக்கு ஐயர் இல்லை, அவர் பூசையை முடித்துக்கொண்டு சினோவுக்கு முந்தி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். பல்கனியில் காகத்துக்கு வைத்த சோற்றுக்கு ஒரு கடற்பறவை வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உம்முடைய அண்ணருக்கும் வடைதான் விருப்பம் என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வெயில் மட்டும் குறையவே இல்லை. பகல் ஒரு மணிக்கு ஏழாம் மாடி வேரோனிக்கா போன் எடுக்கிறாள்.

"அன்ரி, உங்கட பேச்சைக் கேட்டுப் பிள்ளையளுக்குச் சினோக் காற்சட்டை, பூட்ஸ், மவ்ளர் எல்லாம் போட்டுத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினன். அவிஞ்சுபோய் வந்து நிக்குதுகள். மற்றப் பிள்ளையள் எல்லாம் சேர்ட்டோட. என்ர மோன் இனிமேல் உங்களோட கதைக்க மாட்டானாம்."

அவன் ஆறு வயது. பரவாயில்லை, அந்தக் கணக்கையும் வைத்திருக்கிறேன்.

என்னுடைய வாக்குப் பொய்த்த முதல் நாள் அது. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: ரிவிக்காரன் பொய் சொன்னான், நீர் சன்னலால் எட்டியும் பார்க்காமல் அந்தப் பொய்யை எடுத்து எனக்குச் சொன்னீர். அப்படியே இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். நேற்று ஞாயிற்றுக்கிழமை, திவசச் சாப்பாடு கொடுத்து அனுப்பின சட்டியைத் திருப்பித் தர ஐந்தாம் மாடிக் குலசிங்கம் வந்தார். முந்தி ஊரில் தந்திக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர், எல்லாம் அறிந்த மாதிரி மெதுவாகத்தான் கதைப்பார்.

"அக்கா, ரிவிக்காரன் பிழை சொல்லேல்லை."

"பின்னை ஆர் பிழை? நானோ?"

"ஆரும் பிழையில்லை. டொரன்டோ எண்டு போடுற கணக்கு எயர்போட்டில அளக்கிறது. அங்க கொட்டினால் இஞ்ச கொட்ட வேணுமெண்டு இல்லை."

"எயர்போட் எங்க கிடக்கு?"

"ரெக்ஸ்டேலுக்குப் பக்கத்திலதான். உங்கட மச்சாள் வீட்டு முற்றத்தில நிண்டு பாத்தால் பிளேன் இறங்கிறது தெரியும், நீங்கள் காணேல்லையே?"

கமலாம்பிகை, நான் சோபாவில் இருந்துவிட்டேன். மூன்று வருடம்! மூன்று வருடமாக நான் விடிய எழும்பி, கண்ணாடி போட்டு, மனப்பாடம் பண்ணி, ஆறு வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது உம்முடைய வீட்டுக் குளிரையா? போன மாரியில் துவாரகா இரண்டு காற்சட்டை போட்டு நடக்க முடியாமல் நடந்தது உம்முடைய முற்றத்துக் காற்றுக்கா? இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, போன வருடம் நீர் என் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, "எங்கட பக்கம் எப்பவும் ரெண்டு பாகை குளிர் கூட, மச்சாள்" என்று சொன்னபோது உம்முடைய முகத்தில் இருந்த அந்தப் பெருமை. நகரம் முழுவதுக்கும் உம்முடைய குளிரைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே இருந்திருக்கிறீர். ஒரு வார்த்தை சொன்னீரா?

குலசிங்கம் என்ன சொல்கிறார் என்றால், அப்போது மச்சாள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் அக்கா, அங்கே சினோ கொட்டியிருக்கும் என்று. நான் விடவில்லை. எயர்போட்டில் கொட்டியிருக்கலாம், அது அரசாங்கத்துக் காணி. உம்முடைய வாசலிலும் கொட்டினது என்பதற்கு என்ன சாட்சி? ஒரே நகரம், ஒரே வானம். இங்கே நாய்க்கு வேர்க்கும்போது அங்கே முழங்காலளவு என்றால் அதை நான் நம்ப வேண்டுமாம். முழங்கால் என்றால் ஆருடைய முழங்கால் என்றும் இராஜேஸ்வரி சொல்லவில்லை.

ஆகவே என் தீர்மானம் இது. நீராக முதலில் போன் எடுத்து, சனிக்கிழமை ஏன் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் வரைக்கும் நான் ரெக்ஸ்டேல் மண்ணை மிதிக்க மாட்டேன். மார்கழியில் துவாரகாவின் பிறந்தநாளுக்கு உமக்கு அழைப்பில்லை. இராஜேஸ்வரி வரலாம், பிரீசர் கதையைக் கதைக்காமல் இருப்பாளென்றால். நாளையிலிருந்து இந்தக் கட்டடத்துக்குக் காலநிலையை நானே பல்கனியில் கையை நீட்டிப் பார்த்துச் சொல்லப்போகிறேன். உம்முடைய குளிரை நீரே வைத்துக்கொள்ளும்.

கோபம் என்றாலும் நான் மூத்தவள், ஆசீர்வதிக்காமல் கடிதத்தை முடித்தால் எனக்குத்தான் பாவம். நீரும் உம்முடைய பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இந்த மாரியைக் கடந்து, நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் இருந்து, செய்ததை நினைத்து வருந்த வேண்டும் என்று கந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உம்முடைய அண்ணரின் பெண்சாதி,
பொ. தெய்வானைப்பிள்ளை

பிற்குறிப்பு: 22 கார்த்திகை, புதன்கிழமை. ரெக்ஸ்டேல், உம்முடைய சாப்பாட்டு மேசை.

தபாலில் போட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவீர் என்பதால் கையோடு கொண்டுவந்தேன். உம்முடைய கடிதப் பெட்டி கதவுக்கு வெளியேதான் இருக்கிறது, போட்டுவிட்டுத் திரும்பினால் சத்தியம் முறியாது என்று கணக்குப் பார்த்துத்தான் வெளிக்கிட்டேன். விடிய எங்கள் பல்கனியில் கையை நீட்டிப் பார்த்தேன், வெயில். கன்வஸ் சப்பாத்தோடு பஸ் ஏறி, சப்வே பிடித்து, திரும்பவும் பஸ் ஏறினால், பாதி வழியில் சன்னல் வெள்ளையாகப் போச்சு. இறங்கிற இடத்தில் முழங்காலளவு கிடந்தது. என்னுடைய முழங்கால்.

அங்கே குடையும் பிடித்துக்கொண்டு, மருமகனின் பூட்ஸ் ஒரு சோடியும் கையில் வைத்துக்கொண்டு நீர் நின்றீர். இரத்தினவேல் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான், வீட்டுக்கு வீடு துரோகி. எவ்வளவு நேரமாக நின்றீரோ, குடைக்கு மேலே ஒரு சாண் கிடந்தது. குனிந்து என் காலில் பூட்சை மாட்டிவிட்டீர்.

உள்ளே வந்தால் அண்ணரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரியுது. சனிக்கிழமை கார் எடுக்க முடியாமல் போனதும் நீர் தனியாக அடுப்படிக்குள் போய் ஒன்பது கறி வைத்து, இலை போட்டு, பின்னேரம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காமல் இருந்தீராம். இராஜேஸ்வரி என் காதுக்குள் சொன்னாள். வாழைக்காய்க்கு உப்புக் குறைவாம், அதையும் சொன்னாள். கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைத்துவிட்டது, நீர் போன் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் முதலில் கதைக்கிற ஆள் நானாக இருக்க மாட்டேன், நீரும் இருக்க மாட்டீர், இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளைதான் நடுவில் நின்று அவதிப்படுகிறாள். "மாமிக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடட்டாமோ எண்டு அம்மா கேக்கிறா." "போடச் சொல்லு." "எவ்வளவு எண்டு கேக்கிறா." "நாப்பது வருசமாய்த் தெரியாதோ எண்டு கேள்." ஆகையால்தான் இந்தப் பிற்குறிப்பையும் எழுதி, இப்போது மேசைக்கு மேலால் உம்மிடம் தள்ளிவிடுகிறேன்.

நாளைக்கு டொரன்டோவில் நல்ல வெயில் என்று உம்முடைய ரிவியில் சற்று முந்திப் போட்டார்கள். அது எங்கள் டோர்செட் பார்க்குக்குச் சொல்வது. இங்கே சினோதான் கொட்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போக வர வேண்டாம் என்று இரத்தினவேலுக்குச் சொல்லிவிட்டேன்.