சாதிக்கின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தவன்

ஒரு ஆளைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் எனக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கிள்ளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பிக்கை மண்ணைக் கவ்வியது. கூடவே நானும் கவ்வினேன் (நிஜமான மண்தான். கொஞ்சம் வாய்க்குள்ளும் போய்விட்டது).

அப்போது கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தேன். பி.டி. வாத்தியார் என்றால் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தருபவர் என்று வெளியே நினைத்துக்கொள்கிறார்கள். பிரேயரில் வரிசையை நேராக்குவது, தாமதமாக வருபவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவது, கணக்கு டீச்சர் கேட்கும்போதெல்லாம் விளையாட்டு பீரியடைத் தூக்கிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கல்லூரியில் கபடி அணியில் இருந்திருக்கிறேன். (இருந்தேன் என்றுதான் சொன்னேன். ஆடினேன் என்று சொன்னேனா?)

அந்தக் கல்லூரியில் எங்களுக்குக் கோச்சாக இருந்த ராகவன் சார், பிறகு டிவியில் வரும் பெரிய கபடி அணி ஒன்றுக்குத் தலைமை ஸ்கவுட்டாகப் போய்விட்டார். ஊர் ஊராகப் போய், இன்னும் யார் கண்ணிலும் படாத பையன்களைக் கண்டுபிடித்து அணிக்குச் சொல்வதுதான் ஸ்கவுட்டின் வேலை. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே பையன். ஒருநாள் அவரே போன் செய்தார்.

"மொதல்ல ஒரே ஒரு பையனக் காட்டு. அவன் தேறிட்டான்னா கடலூர் மாவட்டம் பூரா உன் கையில. ஆனா ஒண்ணு, நாம பாக்குறோம்னு எவனுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வேற டீம்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான்."

அன்று இரவே நான் மனதுக்குள் பிரேயர் வரிசைக்கு விடை கொடுத்துவிட்டேன். ராஜினாமாக் கடிதத்தை எந்த மொழியில் எழுதுவது என்பதுதான் பாக்கி.

பையனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. புவனகிரியில் நடந்த ஒரு போட்டியில் சாதிக்கைப் பார்த்தேன். கிள்ளைக்காரன், இருபத்தொரு வயது. ஓரத்தில் ஒன்றும் தெரியாதவன்போல் நிற்பான். பாடி வருகிறவன் காலை லேசாக நீட்ட வேண்டியதுதான், கணுக்காலைப் பிடித்துத் தரையில் சாய்த்துவிட்டுத்தான் மறுவேலை. ராகவன் சாரிடம் சொன்னேன். "ஆட்டம் சரி, ஆள் எப்பிடி? பழக்கவழக்கம், குடும்பம் எல்லாம் விசாரி. ஞாயித்துக்கிழமை கிள்ளையில ஃபைனலாமே, நானே வந்து பாக்குறேன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிள்ளைக்குப் போனேன். ஜும்மா தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் பள்ளிவாசல் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். விசாரிக்க அதைவிட நல்ல இடம் ஏது? (உண்மையிலேயே ஏதும் இல்லை. மாப்பிள்ளை விசாரிக்க வருகிற அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள். என்னைப் பற்றி விசாரிக்க வந்த என் மாமனாரும் அப்படி ஒரு வாசலில்தான் நின்றார். இது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கவில்லை.)

ஸலாம் சொல்லி, ஒரு பெரியவரை ஓரமாகக் கூப்பிட்டு ஆரம்பித்தேன். கபடி என்ற வார்த்தை வாயில் வராமல் கேட்டதுதான் என் சாமர்த்தியம்.

"இந்த சாதிக்குன்னு ஒரு தம்பி..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எந்த ஊருங்க நீங்க?"

"கடலூரு. பையன் எப்பிடி?"

"தங்கமான புள்ள. குனிஞ்ச தல நிமிர மாட்டான்."

கபடி ஆடுகிறவன் குனிந்துதான் நிற்க வேண்டும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். "கோவம் வருமா?"

"யாரு, அவனுக்கா? ஒருத்தர் மேல கை வைக்க மாட்டான். கோழிய அறுக்கச் சொன்னாக்கூட ஓடிருவான்."

எனக்குக் கவலையாகிவிட்டது. "நல்லா ஓடுவானோ?" என்று கேட்டு வைத்தேன். பிறகு அணி எதிர்பார்க்கும் முக்கியமான கேள்விகளுக்கு வந்தேன். "உடம்புல ஆபரேசன் கீபரேசன் உண்டா? வெளியூர்ல எங்களோட வந்து இருக்கச் சொன்னா இருப்பானா? வீட்ல ஜாஸ்தி எதிர்பாப்பாங்களோ?"

அதற்குள் சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆபரேஷன் இல்லை, வீட்டோடு இருக்கச் சொன்னால் பேசி முடிவு பண்ணலாம், எதிர்பார்ப்பு அறவே கிடையாது என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். ஒரு இளைஞன் மட்டும் "கபடி சூப்பரா..." என்று ஆரம்பித்தான். பெரியவர் அவன் தோளை அழுத்தி, "அதெல்லாம் எப்பவோ விட்டுட்டான்" என்று முடித்துவைத்தார். முந்தின வாரம் புவனகிரியில் நான் பார்த்தவன் எப்போது விட்டான் என்று புரியவில்லை. ரகசியத்தை ஊரே காப்பாற்றுகிறது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு, பெருமையோடு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பர்வீனும் கூட வந்தாள். பிச்சாவரத்தில் படகு ஏற வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. மகளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். சிதம்பரத்தில் பஸ் மாறும்போது, யார் வீட்டுக்காவது போக நேர்ந்தால் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று ஆப்பிளும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டாள். புதுப்புடவை வேறு கட்டியிருந்தாள். நாங்கள் கிள்ளையில் இறங்கிய கோலத்தைப் பார்த்து யாருக்காவது சந்தேகம் மிச்சமிருந்திருந்தால் அதுவும் தீர்ந்திருக்கும்.

பஸ் ஸ்டாப்பிலேயே ஒருவர் காத்திருந்தார். சாதிக்கின் தாய்மாமா சலீம், இறால் வியாபாரி. "வாங்க மச்சான், வாங்கம்மா" என்று என் பையை வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவரும் ஒருவராம். ஸ்கவுட்டுக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது.

அவர்கள் வீடு மைதானத்தை ஒட்டியே இருந்தது. நெய்ச்சோறு, நண்டு, இறால் என்று பாய் நிறைய பரப்பியிருந்தார்கள். அணியின் சார்பாக அனைத்தையும் சாப்பிட்டேன். பிறகு சாதிக் வந்தான். முழுக்கைச் சட்டை, முகத்தில் பவுடர், அறை முழுக்க அத்தர் வாசனை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான்.

ஸ்கவுட் என்றால் சும்மா பார்த்துவிட்டு வருபவனா? "எந்திரிச்சு நில்லு தம்பி" என்றேன். நின்றான். "திரும்பு." திரும்பினான். கைலியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, குனிந்து கெண்டைக்காலை இரண்டு பக்கமும் நன்றாக அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "மாஷா அல்லாஹ்" என்றேன்.

அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தா கூரையைப் பார்த்தார். சலீம் மாமா மட்டும் மெதுவாக, "கடலூர்ப் பக்கம் இப்பிடித்தாம்போல" என்று அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

"சரி, மேட்ச் எத்தன மணிக்கு?" என்றேன்.

"மேட்சா? ரெண்டு நாளா கிரவுண்டு பக்கமே அனுப்பலங்க" என்றார் அத்தா. "இந்த நேரத்துல பல்லு கில்லு போச்சுன்னா என்னா பண்றது?"

அவசரமாக எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மைதானத்தில் ஃபைனல் நடந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. ராகவன் சார். "எங்கய்யா உன் பையன்? கார்னர்ல ஒரு தொப்பக்காரன் நிக்கிறான். இவனையா நான் சென்னையிலேருந்து பாக்க வந்தேன்?"

நான் போனைக் கையால் பொத்தியபோது, பக்கத்தில் சாதிக்கின் அம்மா பர்வீனிடம் கேட்பது காதில் விழுந்தது. "பொண்ணு என்னா படிச்சிருக்கு?"

பர்வீனுக்கு மகளைப் பற்றிப் பேச யாராவது கிடைத்தால் போதும். "ஒண்ணாவது போவுதுங்க" என்றாள் பெருமையாக. "ரொம்ப சூட்டிகை. முன்பல்லுதான் இப்ப விழுந்துருக்கு."

சாதிக்கின் அம்மா பர்வீனிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அப்போதுதான் மாமனாரும், பள்ளிவாசல் வாசலும், ஆப்பிளும் எல்லாம் ஒன்றாக எனக்கு ஞாபகம் வந்தன.

சலீம் மாமா எழுந்தார். "என்னய்யா, எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது?"

"இல்ல மாமா, நான் பொண்ணு விஷயமா வரல. கபடி டீமுக்கு ஆள் பாக்க வந்தேன். இன்னிக்கு தம்பி ஆடுறதப் பாக்க சென்னையிலேருந்து சார் வந்து கிரவுண்டுல ஒக்காந்துருக்காரு..."

சாதிக் அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். "எந்த டீமு?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் சின்ன வயதிலிருந்து அந்த டீமில் ஆட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவனாம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னைப் பாக்க வந்த நாள்ல என்னைப் பவுடர் போட்டு ஒக்கார வச்சிட்டியே அண்ணே!" என்று எழுந்தான். அந்தக் குரலில் இருந்த வலி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அன்றைக்கு உறுத்த நேரம் இல்லை. ஒருவர் மேலும் கை வைக்க மாட்டான் என்று சொல்லப்பட்ட பையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் ஓடினேன்.

கல்லூரி அணியில் எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அன்றைக்குக் கிடைத்தது. நேராகக் கபடிக் களத்துக்குள் புகுந்துவிட்டேன். நடுவர் விசில் ஊதினார். கூட்டம் எழுந்து நின்றது. எதிர்க்கோட்டைத் தாண்டிவிட்டால் போதும் என்று காலை நீட்டினேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் என் கணுக்காலில் விழுந்தன. அப்புறம் முதலிலேயே சொன்ன மண்.

உதறிப் பார்த்தேன், உருண்டு பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். விடவில்லை. சலீம் மாமாவும் நாலு பேருமாகச் சேர்ந்துதான் பிரித்தெடுத்தார்கள். மண்ணிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ராகவன் சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என்னைத் தாண்டிக்கொண்டு போய், சாதிக்கின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, அந்தப் பிடிய இன்னொருவாட்டி காட்டு."

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். "நீ இல்லய்யா" என்றார்.

சாதிக் முழுக்கைச் சட்டையோடு கடைசி சில நிமிடங்கள் ஆடினான். அவன் ஊர் ஜெயிக்கவில்லை. ஆனால் அவன் பயிற்சி முகாமுக்குப் போனான். போகும்போது ராகவன் சார் என்னிடம் சுருக்கமாகச் சொன்னார்: "பையன் ஓகே. நீ வேணாம்." திங்கட்கிழமை காலை நான் பிரேயர் வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நொண்டியபடி. பிச்சாவரத்துக்கு அன்று போகவில்லை. அதைப் பர்வீன் இன்னும் மன்னிக்கவில்லை.

சாதிக் இப்போது டிவியில் ஆடுகிறான். போன வருஷம் சிதம்பரத்தில் அவனுக்குக் கல்யாணம். எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பெண்ணின் பெரியத்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மொதமொதல்ல நீங்கதான் பையன வந்து பாத்தீங்களாம். ஏன் தட்டிப்போச்சு? மறைக்காம சொல்லுங்க, பையன் எப்பிடி?"

விசாரிப்புக்கு எப்படிப் பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொன்னேன். "நல்ல பையன். ஒண்ணே ஒண்ணு, புடிச்சா விட மாட்டான்."

"அதெப்பிடி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பர்வீன் சொல்லிவிட்டாள்.

"அவரப் புடிச்சுட்டு விடாம இருந்ததாலதாங்க அந்தத் தம்பிக்கு வேலையே கெடச்சுது."