பேச்சியம்மன் இடத்தைக் காலி பண்ண மாட்டேன் என்கிறாள்

கோச்சடை,
மதுரை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தமிழ்மாறன் அவர்களுக்கு,

மாமனார் மொக்கைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் வீட்டுக்குப் பின்னால் இருப்பவர்களும் சுகம். திண்டுக்கல்லில் நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகள் முத்துமீனாவும் சுகமாக இருக்க அழகர் துணை நிற்கட்டும். போனில் "செலை" என்று நான் வாயைத் திறந்ததுமே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். இந்தக் கடிதத்தையாவது கடைசி வரை படியுங்கள்.

வளைகாப்பு முடிந்த கையோடு என் மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருக்க வேண்டியது. "அந்தச் செலைங்க இருக்கிற வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று நீங்கள் தடுத்துவிட்டீர்கள். இங்கே பயப்பட ஒன்றுமே இல்லை மாப்பிள்ளை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் அம்புட்டு இடம் கருவேலமும் குப்பையுமாகக் கிடந்ததா, உங்கள் அத்தையின் மாத்திரைச் செலவுக்காவது ஆகட்டுமே என்று செதுக்கிச் சுத்தம் பண்ணி, வாடகைக்கு என்று போர்டு மாட்டினேன். கார் நிறுத்த எவனாவது வருவான் என்று பார்த்தால் பேயாண்டி வந்தார். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், தங்கமான மனுஷன். ஊர்க் கோயில்களுக்குச் சிமெண்டில் சாமி சிலை செய்கிறவர். கருப்பு, முனி, வேட்டை நாய் என்று வரிசையாக நிறுத்தினார், கடைசியாக டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் பேச்சியம்மன். ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணை மட்டும் விட்டுவிட்டார். கேட்டால், "கண்ணு கோயில்ல வச்சுத்தேன் தெறக்கணும்ணே. அதுவரைக்கும் இதெல்லாம் வெறுஞ் சிமெண்டு. நீங்கபாட்டுக்கு வேட்டியக் காயப்போடுங்க" என்றார். போட்டேன். உச்சி வெயிலில் கண்ணில்லாத அத்தனை முகத்துக்கும் நடுவில் நின்று வேட்டியை விரித்தால் முதுகு குறுகுறுக்கும். காலமெல்லாம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான், பின்னால் ஒருத்தன் டிக்கெட் எடுக்காமல் நின்றால் திரும்பாமலே சொல்லிவிடுவேன். அப்படி யாரோ நிற்பது தெரியும். திரும்பினால் சிலைதான். பயமெல்லாம் கிடையாது. வேட்டியை மட்டும் மாடியில் காயப்போட ஆரம்பித்தேன்.

இதில் உங்கள் அத்தை ராக்கம்மாள் ஒரு காரியம் பண்ணினாள். பேச்சி பிரசவத்தைக் காக்கிற சாமி ஆயிற்றே, அதுவும் நம் வாசல் தேடி வந்திருக்கிறாளே என்று, சேலைத் துணியைக் கிழித்து, பேச்சிக்குப் பக்கத்தில் நிற்கிற வேப்பமரக் கிளையில் தொட்டில் கட்டி, "எம் மக நல்லபடியாப் பெத்து எந்திரிக்கணும், பிள்ளைய ஒன் முன்னாடி இதுல போட்டு எடுக்குறேன்" என்று நேர்ந்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் பார்த்தால் தொட்டில் ஆடுகிறது. காற்றுத்தான், வேறென்ன? அந்நேரம் மாடியில் என் வேட்டி அசையாமல் தொங்கியதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்லுப்பட்டிக்காரர்கள் லாரியும் கிரேனுமாக வந்தார்கள். பேச்சியைத் தூக்கப் போனால் பெல்ட் அறுந்தது. வேறு பெல்ட் போட்டால் கிரேன் இஞ்சின் அணைந்தது. அந்த ஊர்ப் பூசாரி முத்திருளன் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "இது யாரு கட்டுனது?" என்று கேட்டார். உங்கள் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேயாண்டி என் மேல் பாய்ந்தார்: "கண்ணு தெறக்காத சாமிக்கிட்ட யாருண்ணே வேண்டச் சொன்னது? எங்க போறதுன்னு தெரியாம, கூப்பிட்ட வாசல்லயே உக்காந்துருச்சு!" பிள்ளை பிறந்து, தொட்டிலில் போட்டு எடுத்தால்தான் கிளம்புவாள் என்று முத்திருளன் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் கும்பாபிஷேகத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தினமும் விடிந்ததும் எனக்குப் போன் பண்ணி, "தாயிக்கு வலி எடுத்துருச்சாண்ணே?" என்று விசாரிக்கிறார்கள். நான் வாடகை கேட்டால் பேயாண்டி, "இனிமே அது ஒங்க வீட்டுச் சாமி. சாமிக்கிட்டப் போயி வாடகை கேப்பீகளா?" என்கிறார்.

வாடகை கிடக்கட்டும், எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை. பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், வேப்பமரத்தடியில் இல்லை. அவள் வந்து பெற்றெடுத்தால் எல்லோருக்கும் விடிவு, ஒரு ஊருக்கே விடிவு. கண்ணில்லாத ஒரு சிமெண்டுப் பொம்பளைக்குப் பயந்து படித்த நீங்கள் பொண்டாட்டியைப் பூட்டி வைக்கலாமா? உடனே அனுப்பி வையுங்கள்.

உங்கள் அப்பா, அம்மாவுக்கு எங்கள் கும்பிடு. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாத்தாவின் முத்தம். நீங்கள் பதவி உயர்வும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார் மொக்கைச்சாமி

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முத்துமீனா! நீங்கள் ஆபீஸ் கிளம்பியதும் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாளாம். "அம்மாதேன் போன் பண்ணி, 'கெளம்பி வா தாயி, எம்புட்டு நாளைக்குத்தேன் காத்துக்கெடக்குறது'ன்னு சத்தம் போட்டுச்சு" என்கிறாள். உங்கள் அத்தையின் போன் ரிப்பேர்க் கடையில் கிடக்கிறது. வீட்டுக்குள் வா என்றால் கேட்காமல் நேராகப் பின்னால் போய்ப் பேச்சி முன்னால் உட்கார்ந்துவிட்டாள், நாங்கள் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள். உங்களுக்குப் போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. திண்டுக்கல் பஸ் டிரைவர் என் பழைய ஆள், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உடனே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் அவள் பேசுகிற சத்தம் கேட்கிறது மாப்பிள்ளை, பதில் சத்தமும் கேட்கிறது.